காக்காவுக்கு ஓரடி நீள இறகு இருக்குமா?

கோழிக்குஞ்சைக் காக்கா தூக்குகிறது, பருந்து தூக்குகிறது, என்ன செய்யலாம் என்ற கேள்வி நம் இதழின் கேள்வி பதில் பக்கத்துக்குப் புதிதல்ல. வலை கட்டுங்கள், கூண்டு வையுங்கள் என்று பதிலும் வந்துவிடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தூக்கியது யார்? இதை நாம் விசாரிப்பதே இல்லை. பக்கத்தில் ஒரு இறகு கிடந்தால் போதும், தீர்ப்பு எழுதிவிடுவோம். போன தை மாதம் எங்கள் ஊரில் அப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. தண்டனைக்குக் குருணை மருந்தும் தயாராக இருந்தது.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே மலை, அதன் அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னையும், கிழக்கே கண்மாய்ப் பாசனத்தில் நெல். எனக்கு இரண்டு ஏக்கர். என் வயலை ஒட்டியே பெரியப்பா மகன் வீடு. மதினிதான் அங்கே கோழி வளர்ப்பது. மூன்று பெட்டைகளை அடைவைத்து 26 குஞ்சு பொரித்தது. எட்டே நாளில் 11 குஞ்சைக் காணோம். பங்குனிப் பொங்கலுக்கு நாட்டுச் சேவல் என்ன விலைக்குப் போகும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மதினி அந்தப் பணத்தை மகளின் பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்கு என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் கோழிக்கூண்டுக்கு நாலடி தள்ளி, வரப்போரத்தில் ஒரு இறகு கிடந்தது. கரேலென்று, பளபளவென்று, அவ்வளவு நீளமாக ஒரு இறகை அண்ணன் பார்த்ததில்லை. "மலையில இருந்து அண்டங்காக்கா இறங்கியிருக்கு தம்பி. ஊர்க்காக்காவுக்கு இம்புட்டு நீளம் ஏது?" என்றார். ஒன்பதாவது படிக்கும் மகள் அதைப் போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இது ரேவனாம். ரேவன்னா அண்டங்காக்கைன்னுதான் டிக்சனரியிலயும் போட்டிருக்கு" என்றாள். அப்பா சொன்னதும் போன் சொன்னதும் ஒன்றாகிவிட்டது. அப்புறம் என்ன? கோழிக்குடலில் குருணை மருந்தைக் கலந்து படப்பு மேல் வைத்துவிடுவது என்று முடிவு.

எனக்குப் பறவைகளில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அய்யனார் கோயில் பக்கம் ஒரு மாந்தோப்பில் ஐந்தாறு வருடம் காவலுக்கு இருந்தேன். பகலில் அங்கே எனக்குத் துணை அணிலும் பறவைகளும்தான். கீழே கிடக்கும் இறகை எடுத்துக் குடிசைக் கூரையில் செருகி வைப்பேன். கிளை நூலகத்தில் சலீம் அலியின் பறவைப் புத்தகத்தைப் புரட்டிப் படம் பார்த்து ஒப்பிடுவேன். அதனால், "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, இறகை அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அண்ணன் லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை. ஆனால் அவர் வீட்டில் ஒரு ராஜபாளையம் நாய் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, அவர் பிள்ளை மாதிரி வளர்ப்பது. "படப்பு மேல வச்சாலும் காக்கா கொத்திக் கீழ தள்ளும். மொதல்ல திங்கிறது நம்ம நாயாத்தான் இருக்கும்" என்றேன். அதற்கப்புறம்தான் குருணைப் பை திரும்ப மச்சுக்கு ஏறியது.

முதலில் ரேவன் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ரேவன் என்பது காக்கைக் குடும்பத்தின் பெரிய ஆள். இரண்டடிக்கு மேல் நீளம், எடை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். நம் ஊர்க்காக்கா 300 கிராம்தான் இருக்கும். ஐரோப்பா, வட அமெரிக்கா, வட ஆசியா முழுக்க ரேவன் உண்டு. லண்டன் கோட்டையில் ஆறு ரேவன்களாவது எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராஜ்யம் விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை வைத்து இன்றைக்கும் சம்பளத்துக்கு ஆள் போட்டு வளர்க்கிறார்கள். பைபிளில் நோவா பேழையில் இருந்து முதலில் வெளியே விட்டது ரேவனைத்தான். தமிழ் பைபிளில் அது காகம் ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே இல்லாத பறவைக்கு இங்கே எப்படிப் பெயர் இருக்கும்? இந்தியாவில் ரேவன் இருப்பது ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்து வறண்ட நிலத்திலும், இமயமலையின் உயரமான பகுதிகளிலும்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடையாது.

நாம் அண்டங்காக்கை என்பது வேறு பறவை. கழுத்தில் சாம்பல் நிறம் இல்லாமல் உடம்பு முழுக்கக் கறுப்பு, தடித்த அலகு, ஊர்க்காக்காவை விடக் கொஞ்சம் பெரிசு. ரேவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தம்பி மாதிரி இருக்கும். அகராதியில் ரேவனுக்கு நேராக அண்டங்காக்கை என்று போட்டதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. போனுக்கு இறகின் நிறமும் வடிவமும்தான் தெரிகிறது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் வரப்பில் கிடந்தது என்பது அதற்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வாசல் கட்டிலில் உட்கார்ந்து இறகை விசாரித்தோம். தென்னங்கீற்றில் ஒரு ஓலையை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஈர்க்கு, இரண்டு பக்கமும் ஓலை. இறகும் அதே மாதிரிதான். இரண்டு பக்கமும் சம அகலமாக, நேராக இருந்தால் அது பெரும்பாலும் வால் இறகு. ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகலமாக இருந்தால் சிறகின் இறகு. அதிலும் ஒடுங்கிய பக்கம் ரொம்பக் குறுகலாக, நுனி கூராகப் போனால் சிறகின் வெளிமுனையில் இருப்பது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற பக்கம் அந்த ஒடுங்கிய பக்கம்தான். நுனி மழுங்கி, வாள் மாதிரி வளைந்திருந்தால் உடம்போடு ஒட்டிய உள்பக்கத்து இறகு. காக்காவுக்குச் சிறகு ஒன்றுக்கு இப்படி வெளிமுனை இறகுகள் 10, வாலில் 12. குஞ்சு வளர்த்து முடித்த பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டிப் புதுசு முளைக்கும். ஆகவே கீழே இறகு கிடந்தால் அங்கே சண்டையோ கொலையோ நடந்தது என்று அர்த்தம் இல்லை. நமக்கு முடி கொட்டுகிற மாதிரிதான் அது.

எங்கள் கையில் இருந்தது சிறகின் வெளிமுனை இறகு. டேப் வைத்து அளந்தேன். 12 அங்குலம், அதற்கு மேல் ஒரு கால் அங்குலம்.

மறுநாள் காலையில் மகளை அனுப்பி, காக்கா அடையும் வேப்பமரத்தடியில் இறகு பொறுக்கி வரச் சொன்னேன். ஏழு கொண்டுவந்தாள். ஊர்க்காக்காவின் மிக நீளமான இறகு 9 அங்குலத்தைத் தொடவில்லை. என் பழைய சேமிப்பில் மாந்தோப்பில் எடுத்த அண்டங்காக்கை இறகு ஒன்று இருந்தது, 10 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டு காக்கைக்கும் இடையே அளவு உரசிக்கொண்டு வருவதால், ஒரே ஒரு இறகை வைத்து இது எந்தக் காக்கா என்று அடித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஓரடியைத் தாண்டிய இறகு இரண்டுக்குமே கிடையாது. அளவை மட்டும் பார்த்தால் ரேவனுக்குப் பொருந்தும். மகள் சொன்னது அந்த வகையில் அர்த்தமில்லாத பேச்சு இல்லை. இடம்தான் பொருந்தவில்லை.

அப்படியானால் யார்? "குயிலு?" என்றார்கள் மதினி. ஆண்குயில் கறுப்புதான், ஆனால் அதன் சிறகு காக்காவைவிடச் சின்னது. மயில் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். தோகையை மட்டுமே பார்த்தவர்களுக்குத் தெரியாது, மயில் பறக்கும்போது விரிக்கிற சிறகு இறகு செங்கல் நிறத்தில் இருக்கும். பருந்து, கழுகு வகை இறகுகளில் குறுக்கே பட்டை பட்டையாக வெளிறிய கோடு தெரியும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இதில் ஒரு கோடும் இல்லை. வீட்டுக் கருஞ்சேவல் இறகு அகலமாக, குட்டையாக, வளைந்து இருக்கும். வான்கோழி எங்கள் பக்கத்தில் யாரும் வளர்க்கவில்லை. பளபளப்பை வைத்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். காக்கா இறகு வெயிலில் திருப்பத் திருப்ப நீலம், ஊதா, சில கோணத்தில் பச்சை கூடக் காட்டும்.

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டோம் என்று எனக்குப் பட்டது. கறுப்பு இறகு என்றதும் எல்லாருடைய மனமும் கறுப்புப் பறவையைத் தேடியது. உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்கும் எத்தனையோ பெரிய பறவைகளுக்குச் சிறகின் ஓரம் மட்டும் கறுப்பு. இதற்குக் காரணமும் இருக்கிறது. இறகுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் சத்து இறகைக் கெட்டிப்படுத்தும். காற்றிலும் வெயிலிலும் அதிகமாகத் தேய்கிற இடம் சிறகின் முனை. அந்த இடத்துக்குக் கெட்டியான சரக்கு வேண்டும். மண்வெட்டிக்கு வாய்ப்பக்கம் மட்டும் உருக்கு வைத்து அடிக்கிற மாதிரி என்று வையுங்களேன்.

அப்படிப்பட்ட பறவை எங்கள் கண்மாயிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நத்தைகுத்தி நாரைகள் வந்து சேரும். வெண்சாம்பல் உடம்பு, கறுப்புச் சிறகு, கறுப்பு வால். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி சரியாக மூடாத மாதிரி. நானும் மகளும் மதியம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் பக்கம் போனோம். தண்ணீர் வற்றிய ஓரத்தில், மரத்தடியில், எச்சமும் உடையாத நத்தை ஓடுகளுமாகக் கிடந்தது. அரை மணி நேரம் தேடியதில் நாலு இறகு கிடைத்தது. மூன்று உள்பக்கத்து இறகு. ஒன்று சிறகின் வெளிமுனை இறகு. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தண்டின் பருமன், ஓலையின் அகலம், நுனிப் பக்கம் திடீரென்று ஒடுங்கும் இடம் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. நீளம் ஒரு நூல்தான் வித்தியாசம். மகள் கைகழுவக்கூட மறந்துவிட்டுச் சத்தம் போட்டாள். நான் கழுவ வைத்தேன். கீழே கிடக்கும் இறகைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காக்காய்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று செத்துக் கிடந்தால் இறகையும் தொடக்கூடாது, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பறவைக்காய்ச்சல் நம் கோழிக்கும் வரும்.

இந்த நாரையைப் பற்றி நெல் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. இதன் முக்கியச் சாப்பாடு நத்தை. ஓட்டை உடைப்பதில்லை. அலகின் நுனியை உள்ளே விட்டு, ஓட்டோடு ஒட்டியிருக்கும் சதையை வெட்டி உருவிவிடும். அதனால்தான் மரத்தடியில் முழு ஓடாகக் கிடக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அலகில் அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நத்தைக்கு அடுத்தபடி நண்டு, தவளை எல்லாம் தின்னும். வரப்பில் நண்டு வளை போட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் வடிந்துபோன வயல்காரனிடம் கேளுங்கள், நண்டு தின்னும் பறவையின் அருமையைச் சொல்வான். அண்ணன் போன வருடம் நண்டுக்கு என்றே இரண்டு முறை வரப்பு வெட்டிக் கட்டியவர். அவர் வைக்க இருந்த விஷம் யாருக்கு என்று அன்று சாயங்காலம் அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இறகு இரண்டையும் கட்டிலில் பார்த்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, அப்ப எவன்தான் தூக்குறான்?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் கண்டுபிடிக்க இறகு உதவவில்லை, கண்தான் உதவியது. ராத்திரியில் போகும் குஞ்சு வேறு, பகலில் போகும் குஞ்சு வேறு. கீரியோ காட்டுப்பூனையோ கூண்டுக்குள் புகுந்தால் ரத்தமும் இறகும் சிதறிக் கிடக்கும், ஒரே ராத்திரியில் நாலைந்து போகும். மதினிக்குப் போனது பகலில், ஒவ்வொன்றாக, தடயம் இல்லாமல். மறுநாள் விடிந்ததில் இருந்து அண்ணன் படப்பு மறைவில் உட்கார்ந்தார். காலை எட்டரை மணி இருக்கும். புளியமரத்தில் இருந்து சாம்பல் நிறத்தில், புறா அளவில் ஒன்று தரையோடு தரையாக வந்தது. கண் இமைக்கும் நேரம்தான். ஒரு குஞ்சு போய்விட்டது. பின்னாலேயே மூன்று காக்காய்கள் கத்திக்கொண்டு துரத்தின. வல்லூறு. ஓணான், எலி, சின்னப் பறவை பிடிக்கிற பறவை. பக்கத்தில் ஒரு பட்ட மரத்தடியில் குஞ்சுகளின் பஞ்சு இறகும் காலும் கிடந்ததைப் பிறகு பார்த்தோம். அங்கே உட்கார்ந்துதான் உரித்துத் தின்றிருக்கிறது.

இதற்காகக் காக்கா உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. காக்காவும் குஞ்சு தூக்கும், முட்டையும் தின்னும். ஆனால் அண்ணன் வீட்டுக் காக்காய்கள் எட்டு நாளும் அந்த வல்லூறை விரட்டிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. குடலில் விஷம் வைத்திருந்தால் முதல் நாளே செத்திருப்பது அந்தக் காவல்காரர்கள்தான். வல்லூறு உயிர் இரையைத்தான் தேடும், படப்பு மேல் வைத்த குடலைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் விஷம் வைப்பதும் வேட்டை என்ற கணக்கில்தான் வரும். அதுவும் எங்கள் மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அடிவாரத்தில் வைக்கிற விஷம் எந்த வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வல்லூறுக்கு வழி என்ன? பெரிய செலவு இல்லை. பொரித்த முதல் ஐந்து வாரம் தாயையும் குஞ்சையும் வெட்டவெளியில் மேயவிடாமல், மூங்கில் பஞ்சாரத்துக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றிக் கவிழ்த்து வைத்தோம். பஞ்சாரம் மூன்றும் உள்ளூரிலேயே முடைந்து வாங்கியது. கூண்டு வாசலில் பழைய மீன்வலையைக் கூரை மாதிரி கட்டினோம். குஞ்சு ஓடி ஒளிய முற்றத்து ஓரத்தில் பருத்திமாரைக் கட்டாகச் சாய்த்து வைத்தோம். வயலில் பறவைத் தாங்கி நட்டு வைப்பீர்கள் அல்லவா, பூச்சி பிடிக்கக் கரிச்சான் உட்கார? அப்படி ஒன்றைக் கோழிக்கூண்டு பக்கமும் நட்டோம். கரிச்சான் தன்னைவிடப் பெரிய பருந்தையும் வல்லூறையும் முதுகில் கொத்தி விரட்டும். அது தினமும் வந்து உட்கார்ந்தது என்று சொல்ல மாட்டேன், உட்கார்ந்த நாளில் வல்லூறு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குஞ்சு பனியில் செத்தது. மீதி 13 தேறின. இப்போது காக்காய்கள் கூட்டமாகக் கத்தினால் மதினி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து மேலே பார்க்கிறார்கள். 13-இல் 6 சேவல். நாலை ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் விற்றாயிற்று, இரண்டு குலசாமிக்கு. பெட்டைகளில் ஒன்று போன வாரம் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.